பெருங்கலப்பையும் இழுவைக் கட்டுப்பாடும்: வன்னி உழவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

இலங்கையின் வடக்கே வன்னியில் காலபோக (மாரிமழைக்கால நெற்செய்கை) உழவுக்கு ஏற்ற நாட்கள் மிகக் குறைவு. செம்மண் காய்ந்து கிடக்கும்போது கல்லைப்போல் இறுகிவிடுகிறது. நன்றாக நனைந்துவிட்டால் சட்டியிலும் (கலப்பையின் வட்டத் தகட்டிலும்) சில்லிலும் அப்பிக்கொள்கிறது. புரட்டாதியில் விழும் முதல் மழைக்கும் ஐப்பசியில் வலுக்கும் அடைமழைக்கும் இடையே மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் மூன்று சட்டிக் கலப்பை ஓடி முடிந்தாக வேண்டும். அந்த நாட்களில் கலப்பை சொன்னபடி கேட்கவில்லை என்றால், சாரதியின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "ஹைட்ரோலிக் போட்டுது" என்பதுதான்; கலப்பையைத் தூக்கி இறக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பு பழுதாகிவிட்டது என்று பொருள்.

நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன். அக்கராயன் பக்கம் ஒரு வயலில் கலப்பை குதித்துக் குதித்து ஓடியதற்காக, எனது இயந்திரத்தின் ஹைட்ரோலிக் பம்பை இரண்டு நாள் செலவிட்டுக் கழற்றிப் பூட்டினேன். பம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. டொப் லிங்கின் (கலப்பையின் மேற்பகுதியை இயந்திரத்தோடு இணைக்கும் தண்டின்) பெரிய ஓட்டைக்குள் ஒரு சிறிய பின்னை (இணைப்பு ஆணியை) நானே போட்டிருந்தேன் என்பது மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து கலப்பை, இணைப்பு, ஸ்பிரிங், எண்ணெய் என்ற வரிசையிலேயே பிழை தேடுகிறேன். கீழே உள்ளவையும் அந்த வரிசையைப் பின்பற்றியே எழுதப்பட்டுள்ளன.

இழுவைக் கட்டுப்பாடு என்ன செய்கிறது

அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன், கலப்பையை உழவு இயந்திரத்தோடு மூன்று புள்ளிகளில் இணைத்து, அதன் ஆழத்தை ஹைட்ரோலிக்கே தானாகச் சீர்செய்யும் முறைக்கு 1920களின் நடுப்பகுதியில் காப்புரிமை பெற்றார். இன்று வன்னியில் ஓடும் மெசி பெர்குசன்களில் மட்டுமல்ல, மகிந்திரா, சோனாலிகா, நியூ ஹொலண்ட் ஆகியவற்றிலும் இருப்பது அதே கருத்துத்தான். கீழே உள்ள இணைப்புக் கைகள் (கீழ்க்கைகள்) இரண்டும் கலப்பையை முன்னே இழுக்கின்றன. மண் அதை அடியில் பிடித்துப் பின்னே தள்ளுகிறது. ஆகவே கலப்பை தலைகுப்புற முன்னோக்கிக் கவிழப் பார்க்கிறது. அந்தக் கவிழ்வைத் தடுத்து நிற்பது மேலே இருக்கும் டொப் லிங்க். மண் எவ்வளவு இறுக்கமோ, டொப் லிங்க் அவ்வளவு பலமாக இயந்திரத்தின் பின்புறத்தை அழுத்தும். அங்கே உள்ள கட்டுப்பாட்டு ஸ்பிரிங் அந்த அளவுக்கு அமுங்கும். ஸ்பிரிங்கின் அசைவு வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். இழுவை குறைந்ததும் ஸ்பிரிங் மீளும், கலப்பை மறுபடி இறங்கும்.

இதிலிருந்து ஒரு விடயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த அமைப்பு ஆழத்தை அளப்பதில்லை, விசையைத்தான் அளக்கிறது. அதுவும் ஸ்பிரிங் வழியாக வரும் சில மில்லிமீற்றர் அசைவைக்கொண்டே அளக்கிறது. ஆகையால் அந்தச் சில மில்லிமீற்றரை இடையில் எது தின்றுவிட்டாலும், அது தேய்ந்த பின்னாக இருந்தாலும் இணைப்பின் நுனியில் தளர்ந்த இரும்புக் குண்டாக இருந்தாலும், வால்வுக்குப் போய்ச் சேரும் செய்தி பொய்யாகிவிடும்.

ஹைட்ரோலிக்கின் இரண்டு லிவர்களில் எது நிலைக் கட்டுப்பாடு (கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துவது), எது இழுவைக் கட்டுப்பாடு என்று தெரியாமலேயே பல ஆண்டுகள் ஓட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். கைமாறி வந்த இயந்திரங்களில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருப்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கண்டுபிடிப்பது எளிது. கலப்பையை மண்ணில் தொடாமல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு லிவரை மெதுவாக நகர்த்துங்கள். லிவர் பாதியில் நிற்க, கலப்பையை உயர்த்தும் தூக்குக்கையும் பாதியில் நின்றால் அது நிலைக் கட்டுப்பாடு. லிவரைச் சற்று நகர்த்தியதும் கை முழுதாக மேலேயோ முழுதாகக் கீழேயோ போய்விட்டால் அது இழுவைக் கட்டுப்பாடு. மண்ணின் எதிர்ப்பு இல்லாதபோது அதற்கு இடையில் நிற்கக் காரணம் ஏதும் இல்லை.

அறிகுறி: கலப்பை ஓயாமல் ஏறி இறங்குகிறது

கலப்பை கீறிய பள்ளக் கோட்டை (சால்) வரம்பில் நின்று பார்த்தால் அலை அலையாகத் தெரியும். தூக்குக்கை நிமிடத்துக்குப் பலமுறை துடிக்கும். எஞ்சின் சத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்கும்.

முதலில் பின்களையும் குண்டுகளையும் பாருங்கள். மும்முனை இணைப்புகள் அளவு வகுப்புகளாகச் செய்யப்படுகின்றன. முதலாம் வகுப்பில் கீழ்ப்பின் 22 மில்லிமீற்றர், மேற்பின் 19 மில்லிமீற்றர். இரண்டாம் வகுப்பில் கீழ்ப்பின் 28, மேற்பின் 25. எங்கள் ஊர்களில் ஓடும் 45 குதிரைவலு இயந்திரங்கள் இந்த இரண்டு வகுப்புகளும் சந்திக்கும் எல்லையில் இருப்பதால், ஒரு வகுப்புக் கலப்பையை மற்ற வகுப்புக் கையில் பூட்டுவது அன்றாடம் நடக்கிறது. 28 மில்லிமீற்றர் ஓட்டைக்குள் 22 மில்லிமீற்றர் பின் போனால் 6 மில்லிமீற்றர் வெற்றிடம் மிஞ்சும். ஸ்பிரிங் அசையவேண்டிய தூரமே அதற்கு ஒப்பானது என்பதை நினைத்துப் பார்த்தால், கலப்பை ஏன் முதலில் ஒன்றும் செய்யாமலிருந்து பிறகு திடீரெனத் துள்ளுகிறது என்பது விளங்கும். இதற்கு இரும்புப் புஷ் (இடைவெளியை நிரப்பும் குழாய் வளையம்) போடுவது சிறிய வேலை. கம்பி சுற்றியோ தகரம் மடித்துச் செருகியோ சமாளிக்க வேண்டாம். அவை ஒரு நாளிலேயே நசிந்துவிடும்.

இரண்டாவதாக, கட்டுப்பாட்டு ஸ்பிரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, கலப்பையைத் தரையில் வைத்து, டொப் லிங்கைக் கழற்றுங்கள். மெசி 135, 240 போன்றவற்றில் டொப் லிங்க் பூட்டும் கவையைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் அது அசையக்கூடாது. ஆனால் கையால் சுழற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்கவேண்டும். முன்பின் ஆட்டம் இருந்தால், அந்த ஆட்டம் தீரும்வரை வால்வுக்கு எந்தச் செய்தியும் போகாது. சுழற்றவே முடியாவிட்டால் அது அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. இந்த இறுக்கத்தைச் சரிசெய்வது கராச்சில் அரைமணி நேர வேலை. பம்பைக் கழற்றும் எண்ணத்தை அதற்கு முன் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, உணர்திறன். சில இயந்திரங்களில் டொப் லிங்க் பூட்டுவதற்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று ஓட்டைகள் உள்ள ஒரு ஆடுதகடு இருக்கும். அந்தத் தகடு எந்த அச்சில் ஆடுகிறதோ, அந்த அச்சிலிருந்து தொலைவில் உள்ள ஓட்டையில் பூட்டினால் அதே விசைக்கு ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும். கிட்டிய ஓட்டையில் பூட்டினால் குறைவாக அமுங்கும். மூன்று சட்டியை இறுகிய செம்மண்ணில் இழுக்கும்போது அச்சுக்குக் கிட்டிய ஓட்டையைத் தெரிவது நல்லது. ஒன்பது பல்லுக் கொத்துக்கலப்பையை இளகிய மண்ணில் ஓட்டும்போது தொலை ஓட்டைக்கு மாற்றலாம். பலர் இயந்திரம் வாங்கிய நாளில் பூட்டியிருந்த ஓட்டையிலேயே ஆயுள் முழுவதும் ஓட்டுகிறார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் துடிப்பு நிற்கவில்லை என்றால், இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். சில மெசிகளில் நிலை லிவரின் கீழ்ப்பகுதியில் விரைவு, மெது என்று ஒரு வீச்சு உண்டு. மற்றவற்றில் இருக்கைக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும். கலப்பை பொத்தென்று விழாமல் நிதானமாக இறங்கினால் பாதித் துடிப்பு அடங்கிவிடும். ஓட்டும் வேகத்தையும் ஒரு கியர் குறைத்துப் பார்க்கலாம்.

அறிகுறி: கலப்பை மண்ணுக்குள் இறங்க மறுக்கிறது

இங்கே முதலில் கலப்பையின் வகையைப் பிரித்தறிய வேண்டும். இறகுக் கலப்பை மண்ணை உறிஞ்சிக்கொண்டு இறங்குவது. அதன் கொழுவின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இழுக்க இழுக்கத் தானாகவே உள்ளே போகும். சட்டிக் கலப்பைக்கு அந்த உறிஞ்சல் இல்லை. அது தன் பாரத்தாலும் சட்டியின் கோணத்தாலும் மட்டுமே இறங்குகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் டொப் லிங்கை மட்டும் திருகிக்கொண்டிருப்பவர்கள் பொழுதை வீணாக்குகிறார்கள்.

இறகுக் கலப்பையென்றால் டொப் லிங்கைச் சற்றுக் குறுக்குங்கள்; மூக்கு தாழும், உறிஞ்சல் கூடும். கலப்பை போதிய ஆழத்துக்குப் போனபின் அதன் சட்டம் பக்கத்திலிருந்து பார்க்கத் தரைக்கு மட்டமாக இருக்கவேண்டும். மூக்கு தாழ்ந்தே ஓடினால் டொப் லிங்கை அதிகமாகக் குறுக்கிவிட்டீர்கள். முன்கொழு ஆழமாகவும் பின்கொழு மேலாட்டமாகவும் வெட்டும்.

சட்டிக் கலப்பையென்றால் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். செம்மண்ணில் கலந்திருக்கும் குறுங்கற்கள் விளிம்பை மழுக்கிவிடுகின்றன. மழுங்கிய சட்டி வெட்டாமல் உருளும். அடுத்துச் சாய்கோணம். சட்டி செங்குத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு பொதுவாக 15 முதல் 25 பாகை. ஓடும் திசைக்கு அது திரும்பியிருக்கும் அளவு 42 முதல் 45 பாகை. காய்ந்து இறுகிய நிலத்தில் சட்டியை நிமிர்த்தி, அதாவது சாய்கோணத்தை 15 பாகைப் பக்கம் கொண்டுவந்தால், அது எளிதில் இறங்கும். இதற்கும் மசியாவிட்டால் சட்டத்தின்மேல் பாரம் ஏற்றவேண்டும். பாரம் என்றால் இரும்பு அல்லது இறுகக் கட்டிய மணல் மூடை. ஆட்களை ஏற்றி நிறுத்துவதை ஒருபோதும் செய்யக்கூடாது. ஒரு வேர் தட்டினால் ஆள் விழுவது சட்டிக்குக் கீழேதான்.

இவ்வளவும் செய்தும் இறங்காத மண் இன்னும் உழவுக்குப் பதமாகவில்லை. ஒரு மழைக்குக் காத்திருப்பது டீசலையும் கலப்பையையும் காக்கும். முருங்கன் பகுதியின் கருங்களியில் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும்; காய்ந்தால் வெடித்து இறுகியும் நனைந்தால் வீங்கி ஒட்டியும் போகும் அந்த மண்ணில், கட்டுக்கரைக்குளத்தின் கீழ் உழுபவர்கள் நாள் பார்த்து இறங்குவதற்கு அதுவே காரணம்.

அறிகுறி: ஒரே வயலில் இங்கே ஆழம், அங்கே மேலாட்டம்

இது பழுதே அல்ல. இழுவைக் கட்டுப்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் நீங்கள் கேட்ட வேலை அது அல்ல. வன்னியில் ஒரே வயலின் மேட்டுப் பக்கம் செம்மண்ணாகவும் தாழ்ந்த பக்கம் சாம்பல் நிறக் களியாகவும் இருப்பதுண்டு. இடையில் பழைய புற்று மண் ஒரு திட்டாகக் கிடக்கும். வரம்போரத்தில் பெட்டி (ட்ரெயிலர்) இழுத்து ஓடிய தடம் இறுகியிருக்கும். விசையைச் சமமாக வைத்திருக்கும்படி பணித்தால், இறுகிய இடத்தில் கலப்பையை உயர்த்தியும் மணற்பாங்கான இடத்தில் அதை அமிழ்த்தியுமே அமைப்பு அந்த விசையைச் சமப்படுத்தும். மணற்திட்டில் சட்டி அச்சுவரை புதைந்து இயந்திரம் நின்றுபோவதும் இதனால்தான்.

இழுவையையும் நிலையையும் கலந்து இயக்க வசதியுள்ள இயந்திரங்களில், முதலில் இழுவை லிவரால் சராசரி மண்ணில் வேண்டிய ஆழத்தைப் பிடியுங்கள். பிறகு நிலை லிவரை மெதுவாக உயர்த்தி, தூக்குக்கை அசையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இனி மென்மையான இடத்தில் கலப்பை அந்த எல்லைக்குக் கீழே போகாது. இறுகிய இடத்தில் மட்டும் இழுவைக் கட்டுப்பாடு அதை உயர்த்தும். அந்த வசதி இல்லாவிட்டால் கலப்பையில் ஆழத்தை மட்டுப்படுத்தும் ஆழச்சில்லு ஒன்றைப் பூட்டுவது சிறந்த வழி.

சேற்றுழவில் இழுவைக் கட்டுப்பாட்டை முழுவதுமாக விட்டுவிடுங்கள். நீர் நிற்கும் வயலில் இரும்புச் சில்லுடன் ஓடும்போது மண்ணின் எதிர்ப்பு ஒரு நிலையில் இருப்பதில்லை, சில்லும் அமிழ்ந்து எழுகிறது. அங்கே நிலைக் கட்டுப்பாடே பொருத்தமானது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இரணைமடுவின் கீழ் உருத்திரபுரம், கண்டாவளை போன்ற இடங்களில் தலைமுறையாகச் சேறடித்த வயல்களில், உழவு மண்ணுக்குக் கீழே ஒரு கடினத் தட்டு உருவாகியிருக்கும். அதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. பெரிய கலப்பை கிடைத்துவிட்டது என்பதற்காக அதை உடைத்தால், அடுத்த போகத்தில் வாய்க்கால் தண்ணீர் எங்கே போகிறதென்று தேடவேண்டி வரும்.

அறிகுறி: எஞ்சின் திணறுகிறது, கலப்பையோ உயர மறுக்கிறது

கரும்புகை வருகிறது, எஞ்சின் சுற்றுக் குறைகிறது. இழுவை லிவரைச் சற்று உயர்த்தினாலும் பலனில்லை. லிவர் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தபின், கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூன்று சட்டி சேர்ந்து 75 சென்ரிமீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் ஆழமும் வெட்டினால் வெட்டுமுகம் 1500 சதுர சென்ரிமீற்றர். இறுகிய களி சதுர சென்ரிமீற்றருக்கு 7 நியூட்டன் எதிர்ப்புத் தருகிறது என்று கொண்டால், இழுவை 10,500 நியூட்டன், அதாவது ஒரு தொன்னுக்கும் சற்று மேல். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 14.6 கிலோவாற், அண்ணளவாக 20 குதிரைவலு, சில்லிலிருந்து வெளிப்பட வேண்டும். 45 குதிரைவலு எஞ்சினில் சில்லின் சறுக்கலும் உருளும் தடையும் போக, உழவு நிலத்தில் இழுவையாகக் கிடைப்பது பாதிதான். ஆக மூன்று சட்டியே எல்லை. நான்காவது சட்டியைச் சேர்த்துவிட்டு ஹைட்ரோலிக்கைத் திட்டுவதில் பொருளில்லை.

கணக்குச் சரியாக இருந்தும் கலப்பை உயரவில்லை என்றால், பெரிய கலப்பைகளுக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்க்கவேண்டும். கலப்பை நீளமாகவும் பாரமாகவும் இருக்கும்போது, அதன் எடை இயந்திரத்துக்கு வெகுதூரம் பின்னால் தொங்குகிறது. அந்த எடை டொப் லிங்கைப் பின்னோக்கி இழுக்கிறது. மண்ணின் எதிர்ப்போ அதை முன்னோக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் ஸ்பிரிங்குக்கு வந்துசேரும் செய்தி சொற்பம். பெரிய இயந்திரங்களில் உணர்வு டொப் லிங்கிலிருந்து கீழ்க்கைகளுக்கு மாற்றப்பட்டிருப்பது இதற்காகத்தான். கீழ்க்கை எப்போதும் இழுக்கப்படுவதால் அங்கே குழப்பம் குறைவு. அப்படிப்பட்ட பெரிய இயந்திரத்திலிருந்து கழற்றிய கலப்பையைச் சிறிய மெசியில் பூட்டும்போது, கலப்பையின் இணைப்புச் சட்டம் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள். நீளம் அதிகமென்றால் இழுவைக் கட்டுப்பாட்டை நம்பாமல், ஆழச்சில்லோடும் நிலைக் கட்டுப்பாட்டோடும் ஓட்டுவதே நேர்மையான வழி.

டொப் லிங்க் பூட்டும் கவை துருப்பிடித்து இறுகியிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். மாரி முழுக்க வெளியில் நின்ற இயந்திரங்களில் இது சாதாரணம்.

அறிகுறி: பின்சில்லு வழுக்குகிறது, முன்சில்லு கிளம்புகிறது

வழுக்கலைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவிடுங்கள். பின்சில்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சில்லு 10 சுற்றுச் சுற்ற இயந்திரம் எவ்வளவு தூரம் போகிறதென்று தடிகளால் அடையாளம் இடுங்கள். பிறகு உழுதபடி அதே தூரத்தைக் கடக்கச் சில்லு எத்தனை முறை சுற்றுகிறதென்று எண்ணுங்கள். 11 அரை என்றால், கூடிய 1.5 ஐ 11.5 ஆல் வகுக்க 13 வீதம். 10 முதல் 15 வீதம் வரை நல்லது. அதற்கு மேலென்றால் ரயர் தேய்கிறது, டீசல் எரிகிறது, வேலை நடக்கவில்லை. 10 வீதத்துக்கும் வெகு கீழே இருந்தால் தேவையற்ற பாரத்தைச் சுமந்து திரிகிறீர்கள்.

இழுவைக் கட்டுப்பாட்டின் இன்னொரு நன்மை இங்கே தெரியும். அது கலப்பையைத் தூக்க முனையும் ஒவ்வொரு முறையும் கலப்பையின் பாரத்தில் ஒரு பங்கும் புரளும் மண்ணின் பாரத்தில் ஒரு பங்கும் பின்சில்லுக்கு மாறுகின்றன. ஆகவே நிலைக் கட்டுப்பாட்டில் வழுக்கிய இயந்திரம் இழுவைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றியதும் பிடித்து இழுப்பதைக் காணலாம். அப்போதும் போதாவிட்டால் ரயரின் காற்றைப் பாருங்கள். பெட்டி இழுத்துக் கிரவல் ஏற்றிய காற்றழுத்தத்தோடேயே பலர் வயலில் இறங்குகிறார்கள்; உழவுக்குப் பின்ரயரில் 12 முதல் 16 பி.எஸ்.ஐ. அளவு பெரும்பாலும் போதும். தேவைப்பட்டால் வால்வு மேலே இருக்கும் நிலையில் ரயரின் முக்கால் பங்குக்குத் தண்ணீர் நிரப்பலாம்.

முன்சில்லு கிளம்பித் திசைமாற்றி இலேசாகிவிட்டால், முன்னே பாரம் போடுங்கள். முழு எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சில்லில் இல்லாவிட்டால் இயந்திரம் சொல்வழி கேளாது.

அறிகுறி: இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கிறது, சால் அகலம் மாறுகிறது

கலப்பையைப் பூட்டும் ஒழுங்கிலிருந்தே தொடங்குவோம். இடப்பக்கக் கீழ்க்கை முதலில், பிறகு வலப்பக்கம், கடைசியாக டொப் லிங்க். வலப்பக்கத் தூக்குத்தண்டைக் கைப்பிடியால் சுழற்றிக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால் அது இரண்டாவதாக வருகிறது. கழற்றும்போது இந்த ஒழுங்கு அப்படியே தலைகீழ்.

முதற் சால் வெட்டும்போது இரண்டு சில்லும் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டாம் சாலிலிருந்து வலச்சில்லு சாலுக்குள் இறங்குவதால், அந்த ஆழத்துக்குச் சமமாக வலப்பக்கத் தூக்குத்தண்டைக் குறுக்கவேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதற் சட்டி ஆழமாகவும் கடைசிச் சட்டி மேலாகவும் வெட்டும். இயந்திரமும் பக்கம் இழுக்கும். பக்கச் சங்கிலிகள் உழும்போது இருபக்கமும் சமமாகத் தளர்ந்திருக்கவேண்டும். ரொட்டவேற்றருக்கு இறுக்கிய சங்கிலியை அப்படியே விட்டுச் சட்டிக் கலப்பை ஓட்டினால், கலப்பை தன் வழியைத் தேடமுடியாமல் இயந்திரத்தையே தள்ளும். சட்டிக் கலப்பை மண்ணை ஒரு பக்கம் தள்ளுவதால் தானும் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது; அந்தத் தள்ளலைத் தாங்குவது பின்னால் உள்ள சால்ச்சில்லு. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ சில்லு தவறான பக்கம் திரும்பியிருந்தாலோ முன்னே எதைச் சரிசெய்தும் பயனில்லை.

அறிகுறி: தூக்க மறுக்கிறது, தூக்கியது இறங்குகிறது, தலையாட்டுகிறது

இப்போதுதான் எண்ணெய்ப் பக்கம் போகிறோம். மெசி 135, 240 ஆகியவற்றில் கியர்ப் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே அளவுகோலை எடுத்து மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. குளத்து வாய்க்காலைக் கடந்தோ ஆழச் சேற்றிலோ ஓடிய இயந்திரத்தில் இதை எதிர்பார்க்கலாம். வடிகட்டியைக் கழுவி எண்ணெயை மாற்றினால் பாதிப் பழுதுகள் தீரும்.

கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். அடியில் எவரும் போகக்கூடாது. கலப்பை சில நிமிடங்களிலேயே தரையைத் தொட்டால் உள்ளே கசிவு உண்டு: சிலிண்டர் வளையம், வால்வு, அல்லது இடையில் உள்ள ஓ-ரிங். எஞ்சின் ஓடும்போது தூக்கிய கலப்பை ஒழுங்காகத் தலையாட்டுவதும் இதே கசிவின் அடையாளம். கசிவால் சற்று இறங்குகிறது, நிலைக் கட்டுப்பாடு மறுபடி தூக்குகிறது. வெறுங்கை விரைவாக ஏறி, கலப்பையோடு மட்டும் தயங்கினால் பம்பின் அழுத்தத்தைக் கராச்சில் மானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். மானி இல்லாமல் "பம்ப் மாத்துவம் அண்ணை" என்று சொல்லும் இடத்தில் காசை எண்ணாதீர்கள்.

அறிகுறி: கலப்பை எதிலோ மாட்டி நின்றுவிட்டது

புதிதாகத் திருத்திய காட்டு நிலத்தில் பாலை, முதிரை வேர்கள் ஆண்டுக்கணக்கில் உக்காமல் கிடக்கும். கலப்பை வேரில் மாட்டினால் கிளச்சை மிதித்து, சற்றுப் பின்னே வந்து, தூக்கித் தாண்டுங்கள். வேரைப் பிடுங்கச் சங்கிலி போட வேண்டியிருந்தால் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டும் போடுங்கள். டொப் லிங்க் கவையிலோ பின் அச்சிலோ சங்கிலி போட்டு இழுத்தால், இழுவைப் புள்ளி உயர்ந்துவிடுவதால் இயந்திரம் பின்சில்லைச் சுற்றி நிமிர்ந்து சாரதிமேல் கவிழும். கிளச்சை மிதிக்க நேரம் இருக்காது.

வேரல்லாமல் உலோகச் சத்தம் கேட்டால் நிலை வேறு. 2009 இல் போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆனபோதும், கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணிகளிலும்கூட, வழக்கமான உழவைவிட ஆழமாகப் போகும் பெருங்கலப்பை இதுவரை எவரும் தொடாத மண்ணைத் தொடுகிறது. சாலில் அறிமுகமில்லாத உலோகப் பொருளைக் கண்டால், கலப்பையைத் தூக்கவோ இறக்கவோ வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, இறங்கி, இயந்திரம் வந்த தடத்தின்மேலேயே நடந்து வெளியேறி, தூரத்தில் ஒரு கொப்பை நட்டு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கும் 119 க்கும் அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை இயந்திரம் அங்கேயே நிற்கட்டும்.